நூற்றுப் பதினேழு பேர்

நொச்சிப்பாறை துணை சுகாதார நிலையத்தின் சாவி பெரியநாயகியிடம்தான் இருந்தது. காலை ஏழரைக்குப் போய்க் கதவைத் திறப்பாள். இரண்டு அறைகளையும் பெருக்கி, பினாயில் போட்டுத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பாள். நர்ஸ் வரும் நாளென்றால் மதியம் வரை அங்கேயே இருப்பாள். வராத நாளென்றால் ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுக் கரும்பு வெட்டவோ மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவோ போய்விடுவாள். ஒன்பது வருடமாக இப்படித்தான். வயது நாற்பத்தாறு. எட்டாவது வரை படித்தவள். கணவன் பிச்சைமுத்து நாலு வருடத்துக்கு முன் கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்து இறந்துபோனான்.

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகும் சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது நொச்சிப்பாறை. மேலே மூன்று சிறிய மலையூர்கள். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அந்த மஞ்சள் கட்டடம்தான்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார். பெயர் அறிவுச்செல்வன். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"போன வருஷம் இந்த நிலையத்துக்கு வந்தவங்க மொத்தம் ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தெட்டு பேர். வேலை நாள் முந்நூத்திப் பன்னெண்டு. வகுத்துப் பார்த்தா ஒரு நாளைக்கு நாலு பேர். அஞ்சுக்கும் கம்மியா வர்ற நிலையத்தையெல்லாம் பெரிய நிலையத்தோட சேர்க்கணும்னு பட்டியல் போட்டிருக்காங்க. உங்க ஊர் அதுல இருக்குது. பதினாலு கிலோமீட்டர்ல பெரிய நிலையம் இருக்கு. அங்க டாக்டரே இருக்கார்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஆனால் கணக்கு கணக்குதானே என்பதுபோல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியநாயகி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டுதான் உறுத்தியது. எழுந்து நின்றாள்.

"ஐயா, முந்நூத்திப் பன்னெண்டு நாளுன்னு சொல்றீங்களே, அத்தினி நாளு நர்சம்மா எங்க வந்தாங்க? செவ்வா, வெள்ளி ரெண்டு நாளுதானே வர்றாங்க. மீதி நாளு பூட்டிக்கினுதானே கெடக்குது? பூட்டற ஆளே நான்தாங்க."

அறிவுச்செல்வன் அவளைக் கூர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"நியாயமான கேள்விதாம்மா. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். ஆறு நாள்ல வரவேண்டியவங்க எல்லாம் அந்த ரெண்டு நாள்ல வந்துடறாங்கன்னா? ஆறு நாளும் தெறந்து வெச்சாலும் அதே கூட்டம்தான் பிரிஞ்சி வரும். அப்பவும் நாலுதானே?"

அவர் சொன்னது தவறென்று அவள் மனசு சொன்னது. ஏன் தவறென்று வாய் சொல்லவில்லை.

"பூட்டியிருக்கிற நாள்ல எத்தினி பேர் வந்து திரும்பிப் போறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று அவர் கூட்டத்தைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "அக்டோபர் ரெண்டு சபைக்கு மறுபடி வருவேன். தெரிஞ்சா சொல்லுங்க. அப்பால நான் அறிக்கையை மேல அனுப்பிடணும்."

வீட்டுக்கு வந்து பெரியநாயகி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தாள். விடுப்பு போக, நர்ஸ் போன வருடம் வந்தது எத்தனை நாள் என்பதுதான் தெரியவேண்டும். மறு செவ்வாய்க்கிழமை அதைக் கேட்கலாமென்று நினைத்திருந்தாள். ஆனால் நர்ஸ் மலர்விழி ஸ்கூட்டியை நிறுத்தியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாயகிக்கா, ஊரே கூடியிருக்கிற எடத்துல நான் வர்றதே இல்லன்னு சொல்லிட்டீங்களாமே. உங்களுக்கு நான் இன்னா பண்ணேன்?"

பெரியநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அப்படி நினைத்தே பார்க்கவில்லை. மலர்விழியிடம் மூன்று நிலையங்கள் இருந்தன. மற்ற இரண்டு இடங்களிலும் நர்ஸ் ஓய்வு பெற்றுப் போய் ஆள் போடவில்லை. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, தியாகதுருகத்திலிருந்து தினமும் ஓடி வருகிறவள். அவளைத்தான் தன் கேள்வி கூட்டத்தின் முன் நிறுத்திவிட்டது.

"தப்பாப் போச்சி நர்சம்மா. நான் சொன்னதுல பாதிதான் இருந்துச்சி. மீதியையும் நானே சொல்றேன். மூணு எடத்துக்கும் சேத்து நீங்க எத்தினி நாளு ஓடனீங்கன்னு குடுங்க. அதையும் அந்தச் சபையிலயே படிக்கறேன்."

மலர்விழி அன்று ஒன்றும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது தன் டைரியைப் பெரியநாயகியின் முன்னால் மேசைமேல் வைத்தாள். மூன்று இடமும் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள். அதில் நொச்சிப்பாறைக்குத் தொண்ணூற்றாறு. பெரியநாயகி ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டைத் தொண்ணூற்றாறால் வகுத்தாள். பதிமூன்று. மீதியில்லை.

பதிமூன்று என்ற எண் கையில் கிடைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. ஆனால் அலுவலரின் கேள்விக்கு அது பதிலாகாது என்பதும் தெரிந்தே இருந்தது. பூட்டிய கதவின் முன் ஓர் ஆள் உட்கார்ந்து எண்ணினால்தான் பதில் கிடைக்கும். அந்த ஆளும் தான்தான் என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை தொடங்கினாள். நர்ஸ் வராத திங்கள், புதன், வியாழன், சனி நாட்களில் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்று வரை படியில் உட்கார்ந்தாள். அரைநாள் கூலி போயிற்று. மேஸ்திரி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே முழு நாளு வர்றதுன்னா வா" என்று சொல்லிவிட்டார். சரியென்று விட்டுவிட்டாள்.

வருகிறவர்களின் பெயர், ஊர், எதற்காக வந்தார்கள், இப்போது என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதினாள். சிலர் முறைத்தார்கள். "மாத்திரை குடுக்காம பேரை மட்டும் எழுதிக்கினா காய்ச்சல் உட்டுருமா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். அவன் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

செல்லியம்மாள் என்ற எழுபது வயதுக் கிழவி பிரஷர் மாத்திரைக்காக ஒரே மாதத்தில் நாலு முறை வந்தாள். கிழமை அவளுக்கு ஞாபகம் நிற்பதில்லை. நாலாவது முறை படியில் உட்கார்ந்து கால்களை நீவிக்கொண்டே, "எப்ப வந்தாலும் நீதான் இருக்க, மாத்திரைதான் இல்ல" என்றாள். பெரியநாயகி அவள் சேலைத் தலைப்பில் செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என இரண்டு முடிச்சுப் போட்டு, பள்ளிக்கூடத்துப் பையன்கள் போவதைப் பார்த்தால் அவர்களிடம் கிழமை கேள் என்று சொல்லி அனுப்பினாள்.

மலையிலிருந்து செந்தமிழ்ச்செல்வி என்ற பெண் ஆறு மாத வயிற்றோடு இரண்டு மணி நேரம் இறங்கி வந்திருந்தாள். கூடவே மாமியாரும் கணவனும். கால் வீங்கியிருந்தது. கதவில் பூட்டைப் பார்த்ததும் மாமியார், "திரும்பிப் போலாம், வெள்ளிக்கெழம வரலாம்" என்றாள். பெரியநாயகி நோட்டை மூடி வைத்துவிட்டு மலர்விழிக்குப் போன் போட்டாள். மலர்விழி கால் வீக்கம், தலைவலி, கண் இருட்டல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் காத்துக்கினு இருக்கக் கூடாதுக்கா. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றாள். அவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் அன்றைய பக்கத்தை எழுதி முடித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பிரஷர் ஏறியிருந்ததாகவும், படுக்க வைத்து மருந்து கொடுத்ததாகவும் பிறகு செய்தி வந்தது.

ஐந்து வாரத்தில் மூடிய நாட்கள் இருபது. நோட்டில் மொத்தம் நூற்று அறுபத்தெட்டு பேர்.

இதற்கிடையில் ஜெயப்பிரகாஷ் வந்தான். ஒரு கட்சியின் ஒன்றிய அளவிலான பொறுப்பில் இருந்தவன். ஊருக்கு நல்லது நடக்கவேண்டும் என்ற எண்ணம் உண்மையிலேயே உள்ளவன். அடித்து வந்திருந்த நோட்டீஸை அவளிடம் நீட்டினான். மலையடிவாரத்தில் ஐந்தாண்டில் நூறு பேர் பாம்புக்கடியில் மடிந்தார்கள் என்றும், நூற்றிருபது ஆண்டுப் பழமை வாய்ந்த மருத்துவமனையை மூடுவதா என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"தம்பி, நூத்திருவது வருஷம்னு யாரு சொன்னது?"

"வெள்ளைக்காரன் காலத்துல இங்க ஒரு பங்களா இருந்துச்சாம்க்கா. அங்க காய்ச்சலுக்கு மருந்து குடுத்தாங்களாம். பழசுன்னா மதிப்பாங்க."

"செவுத்துல கல்லு பதிச்சிருக்குது பா. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எம்பத்தேழுன்னு போட்டிருக்குது. தெனம் நான்தான் தொடைக்கறேன். அவரு வந்து அந்தக் கல்லைப் பாத்தா நாம சொல்றது எல்லாமே பொய்யின்னு ஆயிடும்."

"செரி, அத்த எடுத்துடலாம். பாம்புக்கடி?"

அதை அவள் ஏற்கெனவே விசாரித்திருந்தாள். நொச்சிப்பாறையும் மூன்று மலையூரும் சேர்ந்து ஐந்து வருடத்தில் ஏழு பேர். ஏழு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். மூன்றாவது பெயர் பிச்சைமுத்து.

ஜெயப்பிரகாஷ் தயங்கித் தயங்கி, "ஏழுன்னா ரொம்ப கம்மியாத் தெரியும்க்கா. எண்பதாவது போடலாம். அண்ணன் பேரை மொதல்ல போடலாம். நீங்க மேடையில நின்னு அழுதாவே போதும், அந்த ஆளு கையெழுத்துப் போடமாட்டாரு" என்றான்.

"ஏழுதான். அந்த ஏழும் இந்த நோட்டீஸ்ல வேணாம்."

"ஏன்க்கா?"

சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "பாம்புக்கடிக்கு மருந்து இந்த ஆஸ்பத்திரியில எப்பவும் இருந்ததில்ல. நர்சம்மா ஆறு நாளு வந்திருந்தாலும் எங்க வூட்டுக்காரரைக் காப்பாத்தியிருக்க முடியாது. அவரு செத்தது வேற கணக்கு. அத்த இதுல சேத்தா, கேக்கற ஆளு ஒரே கேள்வியில ஒடச்சிடுவாரு."

ஜெயப்பிரகாஷுக்கு முகம் தொங்கிவிட்டது. நோட்டீஸ் கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். கணவனின் பெயரைத் தானே அடித்துவிட்டது போல் அவளுக்கு இருந்தது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மலர்விழி அலுவலகக் கூட்டம் முடிந்து போகிற வழியில் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"நாயகிக்கா, செந்தமிழ்ச்செல்விக்கு நேரா மூணுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா, அவ, மாமியார், புருஷன்."

"நோயாளி அவ ஒருத்திதானே. எங்க பதிவேட்டுல கூட வர்றவங்களை எழுத மாட்டோம்."

பெரியநாயகி நோட்டை வாங்கிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, மூன்று என்று இருந்தது. வந்த தலைகளையெல்லாம் எண்ணியிருக்கிறாள். நூற்று அறுபத்தெட்டு என்று ஊர் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

"எத்தினி கழியும்னு யாருக்குத் தெரியப் போவுது?" என்று ஜெயப்பிரகாஷ் போனில் சொன்னான். "அப்படியே உட்டுடுங்கக்கா."

விடவில்லை. ஞாயிறு காலையில் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சபைக்கு நாலு நாள்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் அடிவாரத்து வீடுகள். அடுத்த இரண்டு நாள் மலையேறினாள். ஒவ்வொரு வீட்டிலும் அன்று யாருக்கு உடம்பு சரியில்லை, யார் சும்மா துணைக்கு வந்தது, திரும்பிப் போன பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சில வீட்டில் ஆளில்லை. வரகுக் கொல்லை வரை போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கடைசி நாள் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கூட வந்தவர்கள் ஐம்பத்தொரு பேர். அவர்களைக் கழித்தால் நூற்றுப் பதினேழு.

அக்டோபர் இரண்டாம் தேதி அறிவுச்செல்வன் சொன்னபடியே வந்தார். பெரியநாயகி முதலில் மலர்விழியின் கணக்கைப் படித்தாள். மூன்று இடத்துக்கும் ஒரே நர்ஸ், வருடத்தில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள். "அவங்க வராத நாளு, வேற எடத்துல வேலை பாத்துக்கினு இருந்த நாளுங்க" என்றாள். மலர்விழி ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மூடிய கதவின் கணக்கு. நூற்றுப் பதினேழு என்றதுமே கூட்டத்திலிருந்து ஒருவர், "நூத்தி அறுவத்தெட்டுன்னு சொன்னியே?" என்று குரல் கொடுத்தார்.

"சொன்னேங்க. தப்பா எண்ணிட்டேன். தொணைக்கு வந்தவங்களையும் சேத்துட்டேன். வூடு வூடாப் போயி கழிச்சிட்டேன். நூத்திப் பதினேழுதான் சரி."

அறிவுச்செல்வன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒரே ஆள் நாலு தடவை வந்திருந்தா?"

"நாலுன்னுதான் எழுதனேன். நீங்க சொன்ன ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தெட்டும் அப்படித்தானுங்களே?"

"ஆமா. சரி, திரும்பிப் போனவங்க இன்னா பண்ணாங்க?"

"நாப்பது பேரு நர்சம்மா வர்ற நாளுக்கு மறுபடி வந்தாங்க. நீங்க சொன்னது அந்த நாப்பது பேருக்குச் சரிங்க. இருவத்தஞ்சு பேரு காசு செலவு பண்ணி வேற எடத்துக்குப் போனாங்க. அம்பத்திரண்டு பேரு ஒண்ணும் பண்ணல. வூட்டுல படுத்துக்கினாங்க."

அறிவுச்செல்வன் அவள் நோட்டை வாங்கி, அங்கேயே பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். நர்ஸ் வந்த பத்து நாளில் பதிவேட்டின்படி நூற்று முப்பது பேர். திரும்பி வந்த நாற்பதும் அதில் அடக்கம். மீதி எழுபத்தேழு பேர் வேறு எங்கும் கணக்கில் வராதவர்கள். இரண்டையும் கூட்டி முப்பது நாளால் வகுத்தார்.

"நாலும் இல்ல, நீங்க போட்ட பதிமூணும் இல்லம்மா. ஏழுக்கு ஒரு நூலு கம்மி."

ஜெயப்பிரகாஷ் பெருமூச்சு விட்டான். பெரியநாயகி, "அஞ்சுக்கு மேலதானுங்களே?" என்று கேட்டாள்.

"மேலதான்" என்றவர் தொடர்ந்து கேட்டார்: "மனசுல வெச்சிக்காதீங்க, மேல இருக்கிறவங்க கேப்பாங்க, அதனால கேக்கறேன். நிலையத்தை மூடினா உங்க வேலையும் போயிடும். அதுக்காக எண்ணினீங்கன்னு சொன்னா?"

"ஆமாங்க, என் வேலையும் போவும். அதை மறைக்கல. உங்க அறிக்கையில என் பேரையும் தனியா எழுதிக்கங்க. மத்த நூத்திப் பதினேழு பேரு வூட்டுக்கும் வழி சொல்றேன், நீங்களே போயி கேட்டுப் பாருங்க."

அவர் வீடுகளுக்குப் போகவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அந்தப் படியில் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் வந்தார்கள். ஒரு குழந்தைக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். தன் வண்டியிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார்.

ஜனவரியில் கடிதம் வந்தது. நொச்சிப்பாறை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. பக்கத்து நிலையம் ஒன்றுக்குப் புது நர்ஸ் போட்டதால் மலர்விழி இனி இங்கே வாரத்துக்கு மூன்று நாள் வருவாள் என்றும் இருந்தது. ஊர் ஆறு நாள் கேட்டதற்கு மூன்று. ஊரில் சிலர் பட்டாசு வாங்கலாமா என்றார்கள். பெரியநாயகி வேண்டாமென்றாள்.

மூன்று மாதம் கழித்து அவளே சங்கராபுரம் பஸ் ஏறிப் போய் அறிவுச்செல்வனைப் பார்த்தாள். அவர் கேட்காமலே ஒரு தாளை நீட்டினாள். வாரத்துக்கு இருபத்தாறு பேர் வந்த இடத்தில் இப்போது முப்பத்து மூன்று பேர் வருகிறார்கள். ஆனால் ஒரு நாள் சராசரி பதிமூன்றிலிருந்து பதினொன்றாக இறங்கியிருந்தது.

"இறங்கினதை ஏம்மா எழுதியிருக்கீங்க?"

"நீங்க இறங்கும்னு சொன்னீங்க, இறங்கிச்சி. வர்றவங்க ஜாஸ்தியாவும்னு நான் சொன்னேன், ஆயிட்டுது. ரெண்டையும் எழுதனாத்தானே சரி."

அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் அவள் தான் வந்த இன்னொரு காரியத்தைச் சொன்னாள். ஏழு பேரின் பெயரும் ஒரு தாளில் இருந்தது. எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை மணிக்கு ஊசி போட்டார்கள் என்று தெரிந்தவரை எழுதியிருந்தாள். பிச்சைமுத்துவுக்கு நேராகக் காலை ஆறரை என்றும் பதினொன்று என்றும் இருந்தது. பெரிய நிலையத்திலாவது அந்த மருந்து எப்போதும் இருக்கவேண்டும், மலையடிவாரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கவேண்டும் என்பது அவள் மனு.

அறிவுச்செல்வன் தாளை இரண்டு முறை படித்தார்.

"நேரமானதாலதான் செத்தாங்கன்னு சொல்றீங்க. இருக்கலாம். ஆனா செத்தவங்களை மட்டும் எண்ணியிருக்கீங்களேம்மா. கடிபட்டுப் பொழைச்சவங்க எத்தினி பேரு? அவங்க எவ்வளவு நேரத்துல போனாங்க? அவங்களும் நாலு மணி நேரம் கழிச்சிப் போயி பொழைச்சிருந்தா உங்க மனு நிக்காது."

இந்த முறை, தெரியாததை எங்கே போய்க் கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "ரெண்டு மாசம் டைம் குடுங்க சார்" என்று தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். வளைவுகளில் தலை சுற்றியது; ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள். வெள்ளிமலையில் இறங்கி, விசாரித்து விசாரித்து ஒன்றரை மைல் நடந்ததும் செல்லமுத்து என்பவரின் வீடு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர். வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். யாரோ அதிகாரி வந்துவிட்டாரென்று நினைத்து எழுந்து நின்றார்.

"ஒக்காருங்கண்ணா, நான் நொச்சிப்பாறை ஆஸ்பத்திரியில பெருக்கறவ" என்று சொல்லிவிட்டு, புது நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தாள். "உங்களுக்குக் கடிச்சது எத்தினி மணிக்கு? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க, நான் காத்துக்கினு இருக்கறேன்."